பல் தேய்க்கிறதுக்கு எதுக்கு டிக்? டூ-டூ லிஸ்ட்டில் எது இருக்கணும், எது இருக்கவே கூடாது!

ராத்திரி பதினொரு மணி. படுக்கையில் சாய்ந்தபடி மொபைலில் டூ-டூ லிஸ்ட் ஆப்பைத் திறக்கிறீர்கள். சீக்கிரம் எழுந்தது... டிக். ரெண்டு லிட்டர் தண்ணீர்... டிக். வாக்கிங்... டிக். சன்ஸ்கிரீன், செடிக்குத் தண்ணி, மெயில் செக் பண்ணியது... டிக், டிக், டிக். மொத்தம் 15-ல் 14 முடிந்துவிட்டது. ஆப்பும் திரை முழுக்க கலர் காகிதம் தூவி உங்களைப் பாராட்டுகிறது. மிச்சமிருக்கும் ஒன்றை 'நாளைக்கு' என்று தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறீர்கள்.

அந்த ஒன்று என்ன? யோசித்துப் பாருங்கள். நேற்றும் அதுதான் மிச்சம். முந்தாநாளும் அதுதான்.

என் லிஸ்ட்டில் அது, 'அப்பாவோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் ரினியூ பண்ணணும்'. தினமும் 15-க்கு 14 வாங்கிக்கொண்டே இருந்தேன். கடைசித் தேதி தாண்டியது. அதற்குப் பிறகு தரும் கூடுதல் அவகாசமும் தாண்டியது. பாலிசி காலாவதி. புதிதாக எடுக்கப் போனால், அப்பாவின் சர்க்கரை நோய்க்கான காத்திருப்புக் காலம் மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்கும் என்றார்கள். அத்தனை வருடம் கட்டிக் கடந்துவந்தது எல்லாம் போச்சு. அப்பா திட்டவில்லை. "பரவாயில்லப்பா, நான்தான் இனிமே ஜாக்கிரதையா இருக்கணும்" என்று, டீயில் போட்டுக்கொண்டிருந்த அரை ஸ்பூன் சர்க்கரையையும் நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால்கூட தாங்கியிருப்பேன்.

இதில் நான் சோம்பேறியாக இருந்தேன் என்று சொல்ல முடியாது. தினமும் 14 வேலை செய்தேனே! சிக்கல் லிஸ்ட்டில் இருந்தது. எழுதாவிட்டாலும் நடக்கிற 14 விஷயங்களுக்கு நடுவில், எழுதினால் மட்டுமே நடக்கிற ஒரு விஷயத்தை ஒளித்துவைத்திருந்தேன்.

அம்மாவின் காலண்டர் சொல்லும் பாடம்

சமையலறைச் சுவரில் தொங்கும் மாத காலண்டரைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டத்துக்குள் பேனாவால் ஏதேதோ குறித்திருக்கும். 'கேஸ் மாத்தினது', 'பால் இல்லை', 'அரை லிட்டர் கூட', 'சீட்டு', 'தண்ணி கேன் 2'. அவ்வளவுதான்.

தினமும் பால் வருகிறது. ஆனால், வந்த நாளை அம்மா குறிக்க மாட்டார். வராத நாளையும், கூடுதலாக வாங்கிய நாளையும் மட்டும்தான் குறிப்பார். தினமும் காலையில் காபி போடுகிறார். 'காபி போடணும்' என்று எங்கேயும் எழுதியதில்லை. சிலிண்டர் மாற்றிய தேதியை மட்டும் எழுதுவார், ஏனென்றால் அது கைக்குத் தானாக ஞாபகம் வராது.

வழக்கமாக நடப்பது கையோடு போகட்டும், வழக்கத்தில் இல்லாதது காகிதத்துக்கு வரட்டும். டூ-டூ லிஸ்ட்டுக்கு இந்த ஒரு விதி போதும். அம்மா இதை எந்த வீடியோ பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை.

மூளைக்கு இது ரெண்டும் வேற வேற

'எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதினா என்ன தப்பு?' என்று கேட்கலாம். பழக்கமும் வேலையும் மூளைக்குள் ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதுதான் பதில்.

பழக்கங்கள் பற்றி நீண்டகாலமாக ஆராய்ந்துவரும் அமெரிக்க உளவியலாளர் வெண்டி வுட், 2002-ல் சக ஆய்வாளர்களோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்களிடம் மணிக்கொரு முறை, 'இப்போ என்ன செய்றீங்க, என்ன யோசிக்கிறீங்க?' என்று எழுதச் சொன்னார்கள். அவர்கள் செய்தவற்றில் ஏறக்குறைய 43 சதவிகிதம், கிட்டத்தட்ட தினமும், பெரும்பாலும் அதே சூழலில் செய்யும் செயல்கள். அவற்றைச் செய்யும்போது மனசு பெரும்பாலும் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தது. பழக்கத்தின் லாபமே இதுதான். யோசிக்காமல் நடக்கும். பல் தேய்த்தபடியே அன்றைய மீட்டிங்கை நினைக்க முடிகிறதல்லவா? அதை லிஸ்ட்டில் எழுதி, பார்த்து, டிக் அடிப்பது, இலவசமாகக் கிடைப்பதற்கு நாமே போய் காசு கட்டுவது மாதிரி.

முடியாத வேலையின் கதை வேறு. பெர்லினில் படித்த புளூமா ஸெய்கார்னிக் என்ற உளவியலாளர் 1927-ல் வெளியிட்ட ஆய்வில், பாதியில் நின்ற வேலைகள் முடிந்த வேலைகளைவிட அதிகமாக ஞாபகத்தில் நிற்பதாகச் சொன்னார். பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் இது அப்படியே தெரியவில்லை. ஆனால், பாதியில் விட்ட வேலை குளிக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் 'என்னை மறந்துட்டியே' என்று எட்டிப்பார்ப்பது நம் எல்லோருக்கும் பழக்கப்பட்ட அனுபவம்தான். 2011-ல் மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். அந்த வேலையை முடிக்கக்கூட வேண்டாம். எப்போது, எங்கே, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தத் தொந்தரவு குறைந்துவிடுகிறது.

அதாவது, லிஸ்ட்டின் உண்மையான வேலை மனசிலிருந்து பாரத்தை இறக்கிவைப்பது. நமக்கு மார்க் போடுவது அல்ல. ஏற்கெனவே பாரமே இல்லாத பல் தேய்ப்பதையும் வாக்கிங்கையும் அங்கே ஏற்றினால், இறக்கிவைக்க வேண்டிய நிஜ பாரத்துக்கு இடம் இருக்காது.

பிரிப்பது எப்படி? மூணு கேள்வி!

ஒவ்வொரு வரியையும் லிஸ்ட்டில் சேர்ப்பதற்கு முன்னால் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. எழுதலைன்னா நடக்காமப் போயிடுமா?

'ஆமாம்' என்றால் லிஸ்ட்டுக்கு வரட்டும். 'இல்லை, எப்படியும் செஞ்சிடுவேன்' என்றால் வேண்டாம். குளிப்பது, மெயில் பார்ப்பது, சாப்பிடுவது எல்லாம் இந்த முதல் கேள்வியிலேயே வெளியே போய்விடும். இந்தக் கேள்விக்கான பதில் ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் ரூம்மேட்டுக்குப் பழக்கமாக இருப்பது உங்களுக்கு வேலையாக இருக்கலாம்.

2. இதுக்கு முடிவு உண்டா?

'ஆதார்ல அட்ரஸ் மாத்தணும்' என்பதற்கு முடிவு உண்டு. மாற்றிவிட்டால் தீர்ந்தது. 'தினமும் படிக்கணும்' என்பதற்கு முடிவு கிடையாது. இன்று டிக் அடித்தாலும் நாளை மறுபடி வந்து நிற்கும். முடிவே இல்லாததை லிஸ்ட்டில் வைத்தால் அந்த லிஸ்ட் ஒருநாளும் காலியாகாது. காலியே ஆகாத லிஸ்ட்டைப் பார்த்துப் பார்த்து, கொஞ்ச நாளில் அதைத் திறப்பதையே நிறுத்திவிடுவோம்.

3. இன்னைக்கு முதல்ல என்ன செய்யணும்னு சொல்ல முடியுமா?

'வேலை மாறணும்', 'உடம்பைக் குறைக்கணும்', 'கார் ஓட்டக் கத்துக்கணும்' இவையெல்லாம் ஆசைகள். நல்ல ஆசைகள்தான். ஆனால், இன்றைய லிஸ்ட்டில் அவற்றுக்கு இடமில்லை. அதிலிருந்து ஒரு துண்டை உடைத்து எடுங்கள். 'பழைய ரெஸ்யூமில் இந்த வருஷ புராஜெக்ட்டைச் சேர்க்கணும்', 'தெருமுனை டிரைவிங் ஸ்கூல்ல ஃபீஸ் எவ்வளவுன்னு கேக்கணும்'. இதுதான் வேலை. பெரிய ஆசைகளைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும்.

ரெண்டுங்கெட்டானா நிக்கிற சில விஷயங்கள்

படிப்பு, ஜிம்: குரூப் 4-க்குப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தினமும் காலை 5.30-க்குப் புத்தகத்தோடு உட்காருவது பழக்கம். அது லிஸ்ட்டில் வேண்டாம். உட்கார்ந்த பிறகு இன்றைக்கு எந்தப் பாடம், எத்தனை கணக்கு என்பது தினமும் மாறும். அதை எழுதலாம். ஜிம்முக்கும் அப்படியே. போவது பழக்கம், இன்றைக்குக் காலா, தோளா என்பது திட்டம்.

மாதாமாதம் வருபவை: 28 நாள், 84 நாள் ரீசார்ஜ், இ.பி பில், வாடகை, இ.எம்.ஐ. இவை தினசரி லிஸ்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆட்டோ பே வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள், கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். முடியாததை மொபைல் காலண்டரில் போட்டு, கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் ஞாபகப்படுத்தச் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் அது லிஸ்ட்டுக்கு வரட்டும்.

வருஷத்துக்கு ஒருமுறை வருபவை: பைக் இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ், மெடிக்கல் பாலிசி, வருமான வரி. இவைதான் ஆபத்தானவை. அடிக்கடி வராததால் பழக்கமாகவே மாறாது, அவசரமாகவும் தோன்றாது. அதனால்தான் நான் கோட்டைவிட்டேன். இவற்றுக்கு ஒரு ரிமைண்டர் போதாது. ஒரு மாதம் முன்னால் ஒன்று, ஒரு வாரம் முன்னால் ஒன்று என்று இரண்டு வையுங்கள். வீட்டில் இன்னொருவரிடமும் தேதியைச் சொல்லிவையுங்கள்.

அம்மாவுக்கு போன் பண்றது: தினமும் ஆபீஸ் விட்டு நடக்கும்போது பேசுகிறீர்கள் என்றால் அது பழக்கம், எழுத வேண்டாம். 'கண் டாக்டர் என்ன சொன்னார்னு அம்மாகிட்ட கேக்கணும்' என்பது வேலை. பேசி வைத்த பிறகு, 'அடடா, அதைக் கேக்காம விட்டுட்டேனே' என்று தோன்றும். எழுதுங்கள்.

மாத்திரை: இது விதிவிலக்கு. எவ்வளவு பழக்கமானாலும் சரிபார்த்தே ஆக வேண்டும். 'போட்டேனா, போடலையா?' என்ற சந்தேகமே பழக்கத்தால்தான் வருகிறது. யோசிக்காமல் செய்ததால் ஞாபகம் நிற்பதில்லை. இதற்கும் டூ-டூ லிஸ்ட் சரியான இடம் இல்லை. கிழமை எழுதிய மாத்திரை டப்பா போதும். திங்கள் கட்டம் காலியாக இருந்தால் போட்டாச்சு.

தப்பினால் பெரிதாக இழக்க வேண்டிய பழக்கங்களுக்கு இப்படித் தனி செக்லிஸ்ட் வைப்பது புதிதல்ல. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில், போயிங் நிறுவனத்தின் மாடல் 299 என்ற குண்டுவீச்சு விமானம் சோதனைப் பறத்தலில் கிளம்பியதுமே விழுந்தது. ஓட்டியவர் கற்றுக்குட்டி அல்ல, அனுபவசாலி. நிறுத்தி வைத்திருக்கும்போது காற்றில் ஆடாமல் இருக்க வால் பகுதியில் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகளுக்கு எழுதப்பட்ட செக்லிஸ்ட் வழக்கமானது. ஊருக்குக் கிளம்பும்போது 'கேஸ் ஆஃப், மோட்டார் ஆஃப், கதவு பூட்டியாச்சு' என்று கதவுக்குப் பின்னால் ஒட்டிவைக்கும் காகிதமும் இதே இனம்தான். அது அந்த இடத்திலேயே ஒட்டியிருக்கட்டும். இன்றைய வேலைகளோடு கலக்க வேண்டாம்.

புதுப் பழக்கத்தை எங்கே வைப்பது?

'வாக்கிங் எனக்கு இன்னும் பழக்கமாகலையே. எழுதலைன்னா போக மாட்டேனே?' நியாயமான கேள்வி. பழக்கமாவதற்கு முன்னால் எதுவுமே வேலைதான். அதனால், கொஞ்ச காலத்துக்கு அதற்குத் தனி இடம் கொடுங்கள். ஒரு ஹேபிட் டிராக்கர் ஆப் போதும், அல்லது காலண்டரில் ஒரு பெருக்கல் குறி. டூ-டூ லிஸ்ட்டில் மட்டும் வேண்டாம்.

எத்தனை நாள்? '21 நாள்ல பழக்கமாயிடும்' என்ற ரீல்ஸை நம்பாதீர்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலி குழுவினர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 96 பேர் தலைக்கு ஒரு புதுப் பழக்கத்தை 12 வாரம் முயன்றார்கள். தானாக நடக்கும் நிலைக்கு வர பொதுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கு காட்டியது. இதில் நமக்கு ஆறுதலான செய்தி ஒன்று உண்டு. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. தொடர் அறுந்தது என்று ஆப் சிவப்பு கலரில் பயமுறுத்தினாலும், உங்கள் பழக்கம் அறுந்துவிடவில்லை.

புதுப் பழக்கத்தைச் சீக்கிரம் ஒட்டவைக்க, ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். 'தினமும் தண்ணி குடிக்கணும்' என்பதைவிட, 'ஆபீஸ்ல சீட்ல உக்காந்ததும் ஒரு டம்ளர்' என்பது நிற்கும். 'ராத்திரி படிக்கணும்' என்பதைவிட, 'சாப்பிட்ட தட்டைக் கழுவினதும் பத்து பக்கம்' என்பது நிற்கும். கொஞ்ச நாளில் தட்டைக் கழுவும்போதே புத்தக ஞாபகம் வந்துவிடும். அந்த நாளில் டிராக்கரிலிருந்தும் அதை எடுத்துவிடலாம்.

லிஸ்ட் எழுத நல்ல நேரம் எது?

முந்தைய நாள் ராத்திரி. அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்துச் செய்து, 2018-ல் வெளியான ஆய்வு இது. தூங்கும் முன் ஐந்து நிமிடம், ஒரு பிரிவினர் முடிக்க வேண்டிய வேலைகளை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் முடித்த வேலைகளை எழுதினார்கள். முடிக்க வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். அதிலும், எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். நாமோ ராத்திரி உட்கார்ந்து முடித்ததற்கு டிக் அடித்துக்கொண்டிருக்கிறோம்!

எழுதும்போது நான்கு விஷயங்களைக் கவனியுங்கள்.

* மூன்றிலிருந்து ஐந்து வரி போதும். வழக்கமான வேலைகளே பாதி நாளைச் சாப்பிட்டுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.
* 'பேங்க்' என்று ஒற்றை வார்த்தையில் எழுதாதீர்கள். 'மதியம் சாப்பிட்டதும் பேங்க்ல கே.ஒய்.சி ஃபார்ம் கொடுக்கணும்' என்று எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும், எப்போது என்பது அந்த வரியிலேயே இருக்கட்டும்.
* தள்ளிப்போட்டால் ரொம்ப இழப்போம் என்ற வேலை முதல் வரியில் வரட்டும். சுலபமானது கடைசியில்.
* ஒரு வேலை மூன்று நாள் தொடர்ந்து தள்ளிப்போனால் நான்காவது நாள் அப்படியே எழுதக் கூடாது. உடைத்துச் சின்னதாக்குங்கள், யாரிடமாவது உதவி கேளுங்கள், அல்லது 'இதைச் செய்யப்போவதில்லை' என்று நேர்மையாக அடித்துவிடுங்கள். என் இன்ஷூரன்ஸ் வரியை நான்காவது நாளில் 'பாலிசி நம்பர் எங்கேன்னு அப்பாகிட்ட கேக்கணும்' என்று மாற்றியிருந்தால் கதையே வேறு. உண்மையில் நான் மாட்டிக்கொண்டிருந்தது அந்த நம்பரில்தான்.

ஒரு லிஸ்ட், முன்னும் பின்னும்

முன்: சீக்கிரம் எழணும், தண்ணி 2 லிட்டர், வாக்கிங், குளியல், மெயில், டீம் மீட்டிங், ஆதார், துணி துவைக்கணும், இங்கிலீஷ் இம்ப்ரூவ் பண்ணணும், பைக், செடி, புக் படிக்கணும்.

பின்:
1. பைக் இன்ஷூரன்ஸ் - காலை 10 மணி டீ பிரேக்கில் ஆன்லைனில் கட்டணும்.
2. ஆதார் அட்ரஸ் மாற்ற, வாடகை ஒப்பந்தத்தை ஸ்கேன் பண்ணணும்.
3. மீட்டிங்குக்கு முன்னாடி கஸ்டமர் லிஸ்ட்டை அனுப்பணும்.

மற்றவை எங்கே? வாக்கிங் டிராக்கருக்குப் போனது. துணிக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. மீட்டிங் ஏற்கெனவே காலண்டரில் இருக்கிறது. இங்கிலீஷ், ஆசைகள் பக்கத்தில். செடி? பால்கனி கதவைத் திறந்தால் அதுவே ஞாபகப்படுத்தும்.

12 வரி, மூன்று வரியாகிவிட்டது. இந்த மூன்றில் ஒன்றைத் தள்ளிப்போட்டால் உடனே கண்ணில் குத்தும். பழைய லிஸ்ட்டில் 12-ல் 11 முடித்துவிட்டு, பைக்கை மறைத்துவிடலாம். புது லிஸ்ட்டில் ஒளிந்துகொள்ள இடமில்லை.

'குளிச்சேன்'னு எழுதுற நாட்கள்

இவ்வளவும் படித்துவிட்டு, 'குளிக்கிறதைக்கூட நான் எழுதிவெச்சுத்தான் செய்றேன்' என்று சங்கடப்படுகிறீர்களா? வேண்டாம். முதல் கேள்வியை மறுபடி கேளுங்கள். எழுதாவிட்டால் நடக்காமல் போகுமா? மனசு சரியில்லாத நாட்களில், பதில் 'ஆமாம்' என்று வரும். அப்படியென்றால் அது லிஸ்ட்டுக்கு உரியதுதான். எழுந்தது, குளித்தது, ரெண்டு இட்லி சாப்பிட்டது எல்லாமே அன்றைக்கு உண்மையான வேலைகள். டிக் அடியுங்கள். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழக்கமாகச் சுலபமாகச் செய்தவை இரண்டு வாரத்துக்கும் மேல் மலையாகத் தெரிந்தால், லிஸ்ட்டை மாற்றிப் பயனில்லை. ஒரு மருத்துவரிடம் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மற்றவர்கள் இன்று ராத்திரி ஆப்பைத் திறந்ததும், டிக் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். டிக் விழாமல் நிற்கும் அந்த ஒரு வரியைப் பாருங்கள். அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது? யாருக்காக இருக்கிறது? நாளைய லிஸ்ட்டில் அதை மட்டும் எழுதினால்கூடப் போதும்.

அப்பாவுக்குப் புது பாலிசி எடுத்தாச்சு. காத்திருப்புக் காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ரினியூவல் தேதி என் மொபைலில் இரண்டு இடத்தில் இருக்கிறது. சமையலறைக் காலண்டரிலும், கேஸ் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில், அம்மா கையெழுத்தில் இருக்கிறது. மொபைலைவிட அதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.